18 கிலோ உல்லன்!

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சில வீடுகளில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர் என்று அடைத்து, ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். சில வீடுகளில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில். கல்யாணமாகாத ஆபீஸ் பையன்கள் நாலு பேர் தங்கியிருக்கும் ரூம் என்றால் பழைய செல்போன் சார்ஜர். எந்த போனுக்கு, எந்த வருஷத்து போனுக்கு, யாருக்கும் தெரியாது. ஆனாலும் தூக்கிப் போட மாட்டார்கள். கேட்டால், "என்னிக்காவது தேவைப்படும் சார்!"

இந்த 'என்னிக்காவது' இருக்கிறதே, அது காலண்டரில் இல்லாத கிழமை. அந்தக் கிழமைக்காகத்தான் நம்மில் பாதிப் பேர் வாடகை கொடுத்து வீடு பிடித்திருக்கிறோம்.

இந்த விஷயத்தில் உலக சாம்பியன்கள் யார் தெரியுமா? ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள். ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிக்கும்போதே அடுத்த நாலு ஸ்வெட்டருக்கான உல்லன் நூலை வாங்கிவிடுவார்கள். கலர் நன்றாக இருந்தது, கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தார், கடைசி கண்டு என்றார்... காரணத்துக்கா பஞ்சம்? அமெரிக்காவில் இதற்கு ஐந்து வார்த்தை சேர்த்து 'ஸேபிள்' என்று சுருக்கப் பெயரே வைத்திருக்கிறார்கள். அர்த்தம், 'ஆயுசுக்குள் பின்னித் தீர்க்க முடியாத நூல்'. அவர்களே அவர்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் ஜோக். 2007ல் அங்கே ஆரம்பித்த 'ராவல்ரி' என்ற இணையதளத்தில், வீட்டில் இருக்கும் நூலை கலர், கனம், கண்டு வாரியாகப் பதிந்து வைத்துக்கொள்ளவே தனி இடம் இருக்கிறது. கிட்டத்தட்ட ரேஷன் கடை ஸ்டாக் ரிஜிஸ்தர் மாதிரி.

இதெல்லாம் குளிர்தேசத்து வியாதி, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஃபேனுக்கு நேர் கீழே படுப்பதற்குச் சண்டை போடுகிற எனக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. பொறுமை.

நம் தமிழ்நாட்டிலும் ஸ்வெட்டர் இல்லாமல் குப்பை கொட்ட முடியாத ஊர்கள் உண்டு. அதில் ஒன்று மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக சுமார் 35 கிலோமீட்டர், பழநி மலையின் மேல்தளத்தில். வழியில் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில், மலைப் பூண்டு வாசனை. (2019ல் கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.) மன்னவனூர் வந்தால் ஏரி, புல்வெளி, கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ். டிசம்பர் காலையில் புல்லின் மேல் உறைபனி உப்பு தூவின மாதிரி கிடக்கும்.

அந்த ஊரில் இன்னொரு விசேஷம், ஊர்க்காரர்கள் 'ஆட்டுப் பண்ணை' என்று சொல்கிற இடம். ஏதோ பத்து ஆடு மேய்கிற பட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ராஜஸ்தானில் அவிகாநகரில் இருக்கும் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம். 1965லிருந்து இருக்கிறது. அங்கே மேய்கிற வெள்ளை ஆடுகளுக்கு 'பாரத் மெரினோ' என்று பெயர். சோக்லா, நாலி, மால்புரா, ஜெய்சால்மரி என்று நம் நாட்டு ஆடுகளோடு ராம்புலே, ரஷ்ய மெரினோ ஆடுகளைக் கலந்து உருவாக்கிய இனம். நம் சமவெளியில் மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை எல்லாம் கறிக்கு ஆகும். ரோமம் முடிமாதிரி இருக்கும், நூலுக்கு ஆகாது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆட்டு ரோமம் முரடு, முரட்டுக் கம்பளிக்குத்தான் சரி. கழுத்தில் உறுத்தாத உல்லன் வேண்டுமென்றால் மெரினோ ரத்தம் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், வாசலில் மெரினோ மேய்கிற ஊரிலேயே நான் பார்த்த உல்லன் கண்டெல்லாம் லூதியானாவிலிருந்து வந்தவை! 2,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஆட்டு ரோமத்தைக் கத்தரித்தால் மட்டும் போதாது. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போக அலச வேண்டும், சிக்கெடுக்க வேண்டும், நூற்க வேண்டும், சாயம் போட வேண்டும். அதற்கெல்லாம் மில் வேண்டும். மில்லெல்லாம் பஞ்சாபில்.

அந்த மன்னவனூரில் என் அத்தை இருக்கிறார். அப்பாவின் அக்கா. வயது 71. மாமா உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டவர். 2019ல் காலமாகிவிட்டார். அதற்கப்புறமும் அத்தை ஒண்டியாகத்தான் இருந்தார். போன வருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் டம்ளரைப் பிடிக்கவே சிரமம் என்று ஆனதும், திண்டுக்கல்லில் இருக்கும் மதினி, "போதும்மா, இங்க வந்துரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை சரி என்றார். ஒரே ஒரு பிரச்னை. நூல்.

"டேய், நீதான பி.காம் படிச்சே? வந்து இந்த மூட்டைக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுத்துட்டுப் போ" என்று போன் வந்தது. கொஞ்ச நேரத்தில் மதினியிடமிருந்து தனியாக ஒரு போன். "தம்பி, இங்க ரெண்டே ரூம். ஒரு டிரங்குப் பெட்டிக்கு மேல எடம் கெடையாது. அம்மாகிட்ட நான் சொன்னா சண்டை வரும், நீ பக்குவமா சொல்லு." அதாவது ஆடிட்டர் வேலையும் நமக்குத்தான், அடி வாங்குகிற வேலையும் நமக்குத்தான்.

போன டிசம்பரில் மூன்று நாள் லீவு போட்ட மாதிரி பாவனை செய்துகொண்டு (எனக்கு ஆபீஸே கிடையாது, எழுதிப் பிழைக்கிறவன்) போய் இறங்கினேன்.

டிரங்குப் பெட்டி இரண்டு. பீரோவில் கீழ்த்தட்டு முழுக்க. தலையணை உறையில் திணித்துக் கட்டிய மூட்டைகள் பதினொன்று. பிஸ்கட் டின் மூன்று. பிரஷர் குக்கர் வந்த அட்டைப் பெட்டி ஒன்று. எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டியதும் கூடம் காணாமல் போய்விட்டது. பஞ்சு மிட்டாய் ரோஸ், கிளிப் பச்சை, காவி, ராமர் நீலம்... ஹோலி முடிந்த மறுநாள் மாதிரி இருந்தது.

"அத்தை, இதெல்லாம் எப்ப வாங்குனது?"

"நான் எங்கடா வாங்கினேன்? அது அதா சேந்தது!"

அத்தை பின்னக் கற்றுக்கொண்டதே ஒரு யுத்தத்தினால். 1962 சீனச் சண்டை. மலை உச்சியில் குளிரில் நிற்கிற ஜவான்களுக்காக நாடு முழுக்கப் பெண்கள் ஸ்வெட்டரும் மப்ளரும் பின்னி அனுப்பினார்கள். தாத்தா அப்போது கொடைக்கானலில் வேலை. மூன்றாங் கிளாஸ் டீச்சர் எட்டு வயசு அத்தையின் கையிலும் இரண்டு ஊசியைக் கொடுத்து, 'ப்ளெயின், பர்ல்' சொல்லிக் கொடுத்துவிட்டார். அத்தை பின்னிய முதல் மப்ளர் ஒரு பக்கம் அகலமும் ஒரு பக்கம் குறுகலுமாக வந்ததாம். "அது லடாக் போச்சோ, வழியில எந்த லாரி டிரைவர் கழுத்துக்குப் போச்சோ" என்பார். அன்றைக்குப் பிடித்த ஊசி அறுபது வருஷத்துக்கு மேல் கீழே இறங்கவில்லை. மன்னவனூரில் பாதிப் பிள்ளைகள் அத்தை பின்னிய குல்லாய் போட்டுக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போயிருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இந்த மாதிரி சரக்கைக் கண்டு மலைக்கக் கூடாது. பி.காம் இரண்டாம் வருஷத்தில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? முதலில் எண்ணு, அப்புறம் பிரி, அப்புறம் விலை போடு. எடுத்த எடுப்பில், 'எது வேணும், எது வேண்டாம்' என்று கேட்டால் எல்லாமே வேணும் என்றுதான் பதில் வரும். ஆகவே எடை.

பக்கத்து வீட்டில் பூண்டு நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு இருந்தது. கடன் வாங்கி வந்து மூட்டை மூட்டையாக வைத்து எழுதினேன். மொத்தம் 18 கிலோ 400 கிராம். தராசுக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது பூண்டா இருந்தா அத்தாச்சி லட்சாதிபதி" என்றார்.

அடுத்தது, எது நிஜக் கம்பளி, எது அக்ரிலிக்? லேபிள் இருந்தால் கவலை இல்லை. லேபிள் போன கண்டுகள்தான் அதிகம். அதற்கு அத்தையிடம் ஒரு லேபரட்டரி டெஸ்ட் இருந்தது. இரண்டு அங்குல நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, வாசலில் உட்கார்ந்து (வீட்டுக்குள் வேண்டாம், புகை ஆகாது), கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக்கொண்டு நெருப்புக்குச்சியைக் காட்ட வேண்டும். கம்பளியானால் தலைமுடி கருகின நாற்றம் அடிக்கும். குச்சியை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பலைத் தொட்டால் பொடியாகும். அக்ரிலிக்கானால் உருகிச் சொட்டும், ஆறினதும் கறுப்பாக, கல் மாதிரி மணி நிற்கும். ஒன்று ஆட்டின் முதுகிலிருந்து வந்தது, மற்றது பெட்ரோலியத்திலிருந்து வந்தது. வித்தியாசம் இருக்காதா?

ஒரு பகல் முழுக்கக் கொளுத்தினோம். தெருவே ஏதோ முடி இறக்குகிற வேண்டுதல் என்று நினைத்திருக்கும்.

இன்னொரு டெஸ்ட்டை நாங்கள் செய்யவில்லை. எங்களுக்கு முன்பே அந்துப்பூச்சி செய்து முடித்திருந்தது! பூச்சிக்கு எது நிஜக் கம்பளி என்று எந்த லேபிளும் இல்லாமல் தெரியும். பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை. அது இடுகிற நாற்பது ஐம்பது முட்டையிலிருந்து வருகிற புழுதான் தின்கிறது. கம்பளியில் இருப்பது நம் முடியிலும் நகத்திலும் இருக்கிற அதே கெரட்டின். அதுதான் அந்தப் புழுவுக்குப் பிரியாணி. இருட்டு, ஆள் தொடாத இடம், வியர்வை பட்டுத் துவைக்காத துணி... மூன்றும் இருந்தால் குடித்தனமே வந்துவிடும். தைல மர இலை வாசனையால் கொஞ்சம் விரட்டுமே தவிர, உள்ளே இருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது. நிஜ வைத்தியம், எடுத்து உதறுவது, வெயிலில் போடுவது, துவைத்துக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடுவது. டவுனில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீஸருக்குள் சில நாள் வைக்கலாம். வீட்டம்மா ஐஸ்கிரீமுக்கு இடம் கேட்காமல் இருந்தால்.

இரண்டாம் நாள் சாயங்காலம் லிஸ்ட் தயாராகிவிட்டது. என் கையெழுத்தில் இப்படி:

நிஜக் கம்பளி, நல்ல நிலையில் - 3 கிலோ 200.
அக்ரிலிக், முழுக் கண்டுகள் - 7 கிலோ 100.
பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்த நூல் - 2 கிலோ 900.
துண்டு துணுக்கு - 2 கிலோ 600.
பாதியில் நிற்கும் உருப்படிகள், ஏழு - 1 கிலோ 800.
பூச்சி அரித்தது - 800 கிராம்.

இருப்புக் கணக்கில் ஒரு பொன்விதி உண்டு. சரக்கை அடக்க விலை, விற்றால் கிடைக்கிற விலை, இரண்டில் எது குறைவோ அந்த விலைக்குத்தான் எழுத வேண்டும். வாங்கும்போது எத்தனை கொடுத்தோம் என்பது மட்டும் பேச்சில்லை. வீட்டில் நாம் செய்வது நேர் எதிர். 'இது 1985ல் அவ்வளவு பணம் கொடுத்து வாங்கினதாக்கும்' என்று வருஷா வருஷம் மனசுக்குள் விலையை ஏற்றிக்கொண்டே போவோம்.

அத்தைக்கு இந்த விதி பிடிக்கவில்லை. "விக்கிறதுக்கா வாங்கினேன்? பின்றதுக்குடா."

"சரி, பின்ற கணக்கே போடுவோம். ஒரு பெரியவங்க ஸ்வெட்டருக்கு எவ்வளவு நூல்?"

"நானூத்தம்பது கிராம் வச்சுக்க."

"முன்னெல்லாம் எத்தனை நாள் ஆகும்?"

"பன்னண்டு நாள். பதினஞ்சு நாள்."

"இப்போ?"

அத்தை விரல்களைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் ஒரு நேரத்தில் அரை மணிக்கு மேல் பின்னக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். "மூணு மாசம் ஆகுது" என்றார் மெதுவாக.

மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு நாலு. நாலு ஸ்வெட்டர் ஒரு கிலோ 800. பூச்சி அரித்தது போக மீதி 17 கிலோ 600. வகுத்தால்... பேனா தானாக எழுதிக்கொண்டே போய் நின்றது. ஒன்பது வருஷம், ஒன்பது மாதம்.

எழுதிய பிறகுதான் அந்தக் கணக்கு என்ன கணக்கு என்று உறைத்தது. நூலை அளக்கிறேன் பேர்வழி என்று வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறோம். பேப்பரை மடிக்கப் போனேன். அத்தை விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். மூன்றாங் கிளாஸிலிருந்து கண்ணி எண்ணினவருக்கு மனக்கணக்கா வராது?

"எம்பது வயசு தாண்டியும் முக்கா வருஷம். அதுவரைக்கும் எமன் வாசல்ல உக்காந்திருக்கணுங்கிறே. 'செத்த இருங்க, கடைசி கண்ணிய மூடிட்டு வந்துர்றேன்'னு சொல்லி."

சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் காப்பித் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்.

அப்புறம் அவரே ஆரம்பித்தார். "மதினி எத்தனை பெட்டின்னு சொன்னா?"

(பக்குவமாகச் சொல்ல வேண்டிய விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது!)

"ஒண்ணு."

"ஒரு பெட்டி எவ்வளவு பிடிக்கும்?"

"அஞ்சு கிலோ."

"சரி, எடு. பாதியில நிக்கிறதுலேந்து வருவோம். அதுதான் மனச அரிக்குது."

இந்த இடத்தில் ஸ்வெட்டர் பின்னாத ஆண்களுக்காக ஒரு விளக்கம். ஒரு உருப்படி பாதியில் நிற்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. 'லாட்' என்று ஒன்று இருக்கிறது. மில்லில் ஒரு தொட்டியில் ஒரே சமயத்தில் சாயம் போட்ட நூலெல்லாம் ஒரு லாட். லேபிளில் கலர் நம்பர் ஒன்றாக இருந்தாலும் லாட் நம்பர் மாறினால் சாயலும் மாறிவிடும். கடையில் பார்க்கும்போது தெரியாது. பின்னி முடித்து வெயிலில் நின்றால் ஒரு கை ஒரு கலர், உடம்பு ஒரு கலர் என்று பல்லிளிக்கும். அதனால்தான் முன்ஜாக்கிரதையாக இரண்டு கண்டு அதிகம் வாங்குவார்கள். ஸ்வெட்டர் முடிந்தால் அந்த இரண்டும் மிச்சம். மிச்சம் சேர்ந்தால் மூட்டை. ஆக, இந்த 18 கிலோவுக்குப் பேராசை மட்டும் காரணமில்லை, பயமும்தான்.

ஏழு உருப்படியில் ஐந்து யாருக்காக ஆரம்பித்தது என்றே அத்தைக்கு நினைவில்லை. "பொண்ணுங்ககிட்ட குடுத்தா முடிச்சுக்குவாளுக" என்று ஓரம் தள்ளினார். ஆறாவது ஒரு மாம்பழ மஞ்சள் ஸ்வெட்டர். சிறுவன் சைஸ். முன்னும் பின்னும் ஆகி, கழுத்தும் ஆகி, கை மட்டும் இல்லாமல் பிஸ்கட் டின்னில் இருந்தது. டின்னில் இருந்ததால் பூச்சியும் தொடவில்லை.

"இது உனக்குடா. 1998 பெரிய லீவுல வந்தேல்ல, அப்ப ஆரம்பிச்சது. கைக்கு நூல் பத்தல. கொடைக்கானல்ல ஒரு கடை விடாம கேட்டேன், அந்த லாட்டே கெடைக்கல. அதுக்குள்ள நீ பனைமரமா வளந்துட்டே."

ஏழாவதைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். சாம்பல் கலர். நிஜக் கம்பளி. பெரியவர் சைஸ். அதற்கும் முன்னும் பின்னும் ஆகியிருந்தது. யாருக்கென்று அத்தை சொல்லவில்லை. 2019 என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

'இதை இப்படியே பெட்டியில் வைச்சுரலாம் அத்தை' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஊசியை உருவிவிட்டு, நூல் முனையைத் தேடி எடுத்து, ஒரு இழு இழுத்தார். கண்ணிகள் வரிசையாகச் சரசரவென்று அவிழ்ந்தன.

"கையப் பிடி."

சின்ன வயசில் பிடித்த மாதிரியே இரண்டு கையையும் அகலமாக நீட்டினேன். அவர் பிரிக்கப் பிரிக்க, நூல் என் கையில் சிட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் மடிந்து கிடந்த நூல், நூடுல்ஸ் மாதிரி நெளி நெளியாக.

"அவருக்கு வீணடிச்சா பிடிக்காது" என்றார் அத்தை. "ஒரு உருளைக்கிழங்கு வயல்ல விட்டுட்டு வந்தா திரும்பிப் போய் எடுத்துட்டு வருவாரு. இத ஆறு வருஷமா பேப்பர்ல சுத்தி வச்சிருந்தது அவருக்குத் தெரிஞ்சா கத்துவாரு."

பிரித்த நூலில் அப்படியே பின்னக் கூடாது. நெளிவு போக வேண்டும். சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் கசக்காமல் அமுக்கி எடுத்து, நிழலில் தொங்கவிட்டு, அடியில் லேசாகக் கனம் மாட்ட வேண்டும். (கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி இறுகி மெத்தைத் துணி மாதிரி ஆகிவிடும்.) மறுநாள் நூல் நெளிவு போய், புதுசு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கண்டு சுற்றும்போதும் இறுக்கிச் சுற்றக் கூடாது. விரலையும் சேர்த்துச் சுற்றி, விரலை உருவிக்கொண்டே போக வேண்டும். நூலும் மூச்சுவிட வேண்டுமாம்.

மூன்றாம் நாள் பட்டுவாடா.

அத்தையிடம் பின்னல் கற்ற மகளிர் குழுப் பெண்கள் ஆறு பேர் சாக்கோடு வந்துவிட்டார்கள். பெட்டியில் வைக்கிற ஒரு கிலோ 200 போக மீதி அக்ரிலிக் 5 கிலோ 900, பிரித்த நூல் 2 கிலோ 900, துணுக்கு 2 கிலோ 600, பாதியில் நின்ற ஐந்து உருப்படி 1 கிலோ 200. ஆக 12 கிலோ 600 அவர்கள் கைக்குப் போனது. துணுக்கை என்ன செய்வார்கள்? சதுரம் சதுரமாகப் பின்னி, ஓரம் சேர்த்து, கட்டிலுக்கு விரிப்பாக்கிவிடுவார்கள். அதில் லாட் நம்பர் பிரச்னையே இல்லை. எத்தனைக்கெத்தனை கலர் மாறுகிறதோ அத்தனைக்கத்தனை அழகு. பூச்சி அரித்த 800 கிராமைத் தோட்டத்தில் கேரட் பாத்தி ஓரம் புதைத்தோம். பூச்சி அரித்ததென்றால் நிஜக் கம்பளிதான், சந்தேகமில்லை. கம்பளியில் நைட்ரஜன் சத்து உண்டு. மண்ணில் மெதுவாக மக்கி உரமாகும். (அக்ரிலிக்கைப் புதைத்துவிடாதீர்கள். உங்கள் பேரன் தோண்டினாலும் அப்படியே இருக்கும்.)

பெட்டிக்குள் போனது: நிஜக் கம்பளி 3 கிலோ 200, மாமாவின் சாம்பல் நூல் 400 கிராம், பச்சைக் குழந்தைகளுக்குக் குல்லாய் பின்ன மெத்தென்ற அக்ரிலிக் ஒரு கிலோ 200, கையில்லாத மஞ்சள் ஸ்வெட்டர் 200 கிராம். கூட்டினால் சரியாக அஞ்சு கிலோ. பெட்டியும் மூடியது.

அத்தை மூடின பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "இதுக்கு எவ்வளவு நாள் கணக்கு?" என்றார்.

"ரெண்டு வருஷம், ஒன்பது மாசம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடைக்குப் போய்ப் புதுசா வாங்குங்க. பிடிச்ச கலரா."

அத்தை முகத்தில் ஒரு வெளிச்சம். ஒன்பது வருஷம் ஒன்பது மாசம் என்பது பாக்கி. அடைத்தே ஆக வேண்டிய கடன். ரெண்டு வருஷம் ஒன்பது மாசம் என்பது அடுத்த தடவை கடைக்குப் போகிற தேதி. வகுத்தல் அதே வகுத்தல்தான். 'திண்டுக்கல்ல ஸ்வெட்டர் போட்டா ஜுரமான்னு கேப்பாங்க' என்று முந்தின நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தவர், "அங்க ஏ.சி. வச்ச ஆபீஸ் எல்லாம் இருக்குதாமே?" என்று கேட்டார். மார்க்கெட்டிங் ஆரம்பமாகிவிட்டது!

இனி, 'எனக்கு என்ன சம்பந்தம்' என்று கேட்ட நண்பருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அலமாரியைத் திறந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படிக்காத புத்தகம் எத்தனை, மாதத்துக்கு எத்தனை படிக்கிறீர்கள், வகுத்தால் எத்தனை வருஷம். இளைத்தபிறகு போடலாம் என்று வைத்திருக்கும் பேன்ட் எத்தனை, வருஷத்துக்கு எத்தனை அங்குலம் இளைக்கிறீர்கள். (இங்கே விடை நெகட்டிவில் வந்தால் கம்பெனி பொறுப்பல்ல.) எது எடுக்கிற பொருள், எது வெறும் பயம் என்று வகுத்தல் சொல்லிவிடும். 'எது வேண்டாம்' என்று கேட்காதீர்கள். 'ஒரு பெட்டிதான், அதற்குள் எது' என்று கேளுங்கள். பாதியில் நிற்பதை முதலில் எடுங்கள். பழசு முதலில் போக வேண்டும் என்பதுதானே சரக்குக் கிடங்கு தர்மம்? யாருக்கு உபயோகமோ அவர் கையில் நேராகக் கொடுங்கள். 'என்னிக்காவது கொடுக்கலாம்' என்று தனி மூட்டை கட்டாதீர்கள். அதுவும் அதே கிழமைதான்.

பிப்ரவரி கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே மாம்பழ மஞ்சள் ஸ்வெட்டர், கையோடு! கை இரண்டும் சாம்பல் கலர். இருபத்தேழு வருஷம் தேடியும் கிடைக்காத லாட்டுக்கு மாற்று வீட்டுக்குள்ளேயே பேப்பரில் சுற்றிக் கிடந்திருக்கிறது. இரண்டு கலரும் சேர்ந்து, வேண்டுமென்றே டிசைன் செய்த மாதிரி ஜம்மென்று இருந்தது. என் பையனுக்கு ஏழு வயது. சென்னை வெயிலில், ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று ராத்திரி சாப்பாடு வரை போட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்வெட்டருக்கு அடியில் நாலாக மடித்த துண்டுச் சீட்டு ஒன்று. அத்தை கையெழுத்து. விரல் வலியில் எழுத்து கோணியிருந்தாலும் கணக்கு நேராக இருந்தது:

'அனுப்பியது, மஞ்சள் 200. கைக்குச் செலவு, சாம்பல் 70. பெட்டியில் இருப்பு 4 கிலோ 730. சரி பார்த்துக்கொள்ளவும்.'